மடிப்புக்குள் போன பதினாலு வீடுகள்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். சங்கத்தின் ஆண்டு மலரில் போடுவார்களாம். ‘பொறுமையின் சிகரம்’ என்று தலைப்பைக்கூட அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். பொறுமையாம்! அக்காவோடு ஒரே சமையலறையில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் நான். அவளிடம் மருந்துக்கும் இல்லாத ஒரே பொருள் அதுதான். மலருக்கு எழுத முடியாது என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். போட்டால் போடட்டும், இல்லையென்றால் எனக்கென்ன.

அக்காவுக்குப் பிழைப்பு பேட்ஜ். பள்ளிச் சீருடை விற்கிற ஒரு கடையின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறையில், எம்பிராய்டரி மெஷின் முன்னால் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். சட்டைப் பையில் பள்ளியின் சின்னம் தைப்பதுதான் வேலை. இந்த நகரத்தில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்று அரை பர்லாங் தூரத்திலேயே சொல்லிவிடுவாள். பேட்ஜ் கோணலாக இருந்தால் நடுரோட்டில் பிள்ளையை நிறுத்தி, “யார்றா இதைத் தச்சது?” என்று கேட்பாள். தான் தைத்தது இல்லை என்று தெரிந்தால்தான் விடுவாள். பேட்ஜ் அக்கா என்றால் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். பயமும் உண்டு.

நானும் அவளும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அண்ணனுக்கு அவளும் தம்பிக்கு நானும் வாழ்க்கைப்பட்டோம். எங்கள் தெரு இப்போது இல்லை. கிடங்கு கட்ட வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் இடித்துத் தள்ளினார்கள். ஆளுக்கொரு மூலையாக அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கொண்டுபோய்ப் போட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே எங்களுக்குப் பல வருஷம் ஆனது.

அந்தத் தெருவில் யாரும் கதவு எண்ணைச் சொல்லி வீடு தேடியதில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு துணி தொங்கும். அதில் அந்த வீட்டுக்கென்று ஒரு படத்தைப் பெண்கள் கையால் தைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்குச் சீப்பு, அக்கா வீட்டுக்குச் சாவி. தபால்காரர்கூட, “சீப்பு வீட்டுக்கு ஒண்ணு இருக்கு” என்றுதான் குரல் கொடுப்பார். பெண்களுக்கு அங்கே தையல்தான் வருமானம். மத்தியானம் ஒரே பெரிய துணியைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து தைப்பார்கள். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தி போட்ட தையலை இன்னொருத்தி பிரிக்கக் கூடாது. தப்போ சரியோ, போட்டவள்தான் வந்து பிரிக்க வேண்டும். இல்லையென்றால் எட்டுப் பேரும் குடுமிப்பிடியில் இறங்கிவிடுவார்கள் என்பதால் வந்த சட்டம் என்று நினைக்கிறேன்.

வகுப்பு ஆரம்பித்ததும் ஒரு கோபத்தில்தான். அக்காவின் தம்பி மகள் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்களாம். ‘உன் குடும்பம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்விக்கு அந்தப் பெண் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று எழுதி, மதிப்பெண்ணும் வாங்கி வந்துவிட்டாள். அதைப் பார்த்து அக்கா கொதித்த கொதிப்பில் அன்று எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அந்த வாரமே சங்கத்துக்குப் போனாள். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. கூடத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, சனிக்கிழமைதோறும் கைத்தையல் வகுப்பு என்று அறிவித்தாள். தெருவையே ஒரு துணியில் தைத்துவிடுவது, பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுவது, ஒவ்வொரு வீட்டின் கதையையும் அந்தந்த வீட்டுக்காரியே சொல்வது. இதுதான் திட்டம்.

பத்தொன்பது பெண்கள் சேர்ந்தோம். பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்கவே மறந்துபோயிருந்தது. அக்கா கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். கோணலாகப் போட்டால், “உன் வீடு என்ன குடிச்சிருக்கா?” என்பாள். வங்கியில் மேலாளராக இருக்கிற ஒருத்தி ஒருநாள் அழுதேவிட்டாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றாள்.

இருபதாவதாக ஒருத்தி இருந்தாள். பக்கத்துப் பள்ளியில் பெருக்கித் துடைக்கிற வேலை அவளுக்கு. சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து வந்து மூலையில் உட்கார்ந்து, சிக்கு விழுந்த நூலையெல்லாம் பிரித்து அட்டையில் சுற்றித் தருவாள். நாங்கள் அவளை நூல்கண்டு என்று கூப்பிட்டோம். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். மாலை வீட்டுக்குப் போகும்முன் அக்காவிடம் தையலும் கற்றுக்கொண்டாள். நன்றாகவே தைத்தாள். பெரிய துணியில் யாருக்காவது கை ஓயும்போது அவர்கள் வீட்டுச் சுவரையும் கூரையையும் அவள்தான் நிரப்பினாள். அவள் வீடு எது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தெரியாமல் கேட்காமல் இருந்தோம் என்று பூசி மெழுக மாட்டேன். தெரிந்துதான் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் எதிரெதிராக இரண்டு வரிசை. கீழ் வரிசையின் கொல்லைப்புறம் ஒரு சாக்கடை ஓடும். சாக்கடைக்கு அந்தப் பக்கம் பதினாலு வீடுகள். எங்கள் கழிவறைகளைக் கழுவியவர்களும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களும் அங்கே இருந்தார்கள். அந்தப் பெண்களுக்குத் துணியைச் சுற்றி உட்கார இடம் கிடையாது. அவர்கள் எட்ட உட்கார்ந்து எங்களுக்கு நூல் சுற்றித் தருவார்கள். முப்பது வருஷம் கழித்து, மின்விசிறி சுழல்கிற கூடத்தில், நாங்கள் அதையே திரும்பச் செய்துகொண்டிருந்தோம். இதை எழுதும்போது எனக்கு என் கன்னத்திலேயே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதினோரு மாதத்தில் துணி முடிந்தது. முப்பத்தெட்டு வீடுகள், முப்பத்தெட்டு வாசல் துணிகள். கடைசியில் ஓரத்தை நாலு விரல் அகலத்துக்கு இரண்டு மடியாக மடித்து, ஆளுக்கு ஒரு பாகம் என்று பத்தொன்பது பேரும் தைத்து முடித்தோம். சங்கத் தலைவர் போட்டோ எடுத்தார். அளவு கொடுத்து மரச்சட்டமும் கண்ணாடியும் செய்யச் சொன்னார். திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா நூல்கண்டிடம், “எல்லார் வீட்டுக்கும் கை கொடுத்தியே, உன் வீடு எதுன்னு காட்டவே இல்லையே?” என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நூல்கண்டு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கீழ் வரிசையின் மேல் விரலை வைத்தாள். கொல்லைப்புறம் வழியாக விரல் இறங்கியது. சாக்கடைக்காக நாங்கள் போட்டிருந்த கறுப்பு நூல் கோட்டைத் தாண்டியது. துணியின் ஓரத்தில் தடித்திருந்த மடிப்பின் மேல் போய் நின்றது.

“இதுக்குள்ள இருக்குக்கா” என்றாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. வரைபடத்தைப் போட்டதே அவள்தான். கடையில் கிடந்த பட்டர் பேப்பரை ஒட்டி, அளவுகோல் வைத்து, ராப்பகலாக யோசித்து வரைந்தது. சாக்கடைக்குக் கீழே எட்டு விரல் அகலம் விட்டு ‘மடிப்புக்கு’ என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.  வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “நான் ஒரு கழுதைடி” என்றாள். பிறகு, “நீயும்தான்” என்றாள்.

மறுநாளே தலைவரைப் பார்க்கப் போனோம். மடிப்பைப் பிரித்தால் பதினாலு வீட்டுக்கும் இடம் கிடைக்கும், பிரிக்கப் போகிறோம் என்று அக்கா சொன்னாள். தலைவர் முதலில் மரச்சட்டத்தின் அளவு மாறிவிடும் என்றார். பிறகு போட்டோ அழைப்பிதழில் அச்சாகிவிட்டது என்றார். பிறகு, அது நம் தெருவில் சேர்த்தியா என்று யோசிக்க வேண்டும், வருகிறவர்கள் முன்னால் சாக்கடை, கழிவறை என்று பேச்செடுத்தால் நம் பாரம்பரியத்துக்குக் கௌரவமாக இருக்குமா என்றார். மூன்றாவதுதான் நிஜக் காரணம், முதல் இரண்டும் சப்பைக்கட்டு.

“சட்டத்துக்காகவா துணி தச்சோம்?” என்று கேட்டாள் அக்கா. “கண்ணாடியை உங்க வீட்டு ஜன்னலுக்கு மாட்டிக்குங்க. நாங்க துணியைக் கம்பியில தொங்க விட்டுக்கறோம்.”

சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவர் கொடுத்த டீ ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

இனிமேல்தான் தொல்லை. அந்தப் பதினாலு வீடுகளின் மேல் விழுந்த மடிப்பை ஆறு பேர் தைத்திருந்தோம். தெருவின் பழைய சட்டப்படி அந்த ஆறு பேரும் வந்து அவரவர் பாகத்தைப் பிரிக்க வேண்டும். அக்கா நினைத்திருந்தால் பத்து நிமிஷத்தில் மொத்தத்தையும் பிரித்திருப்பாள். செய்ய மாட்டாள். தெருவில் மிச்சமிருப்பது அந்தச் சட்டம் ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டால் நாம் யார் என்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆறில் ஒருத்தி நான். நான் உடனே பிரித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. இல்லை. நாலு நாள் இழுத்தடித்தேன். என் வாழ்க்கையில் நான் போட்டதிலேயே நேரான தையல் அந்த மடிப்புதான், அதனால்தான் மனசு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் சாக்கடைக்கு அந்தப் பக்க ஓரத்தில் இருந்தது. எங்கள் வீடுகளின் குடங்கள் நிறைந்த பிறகுதான் அந்தப் பெண்கள் பிடிக்க வேண்டும். தண்ணீர் நின்றுபோனால் போனதுதான். என் அம்மா வேண்டுமென்றே மூன்றாவது குடத்தைக் கொண்டுபோய் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மடிப்பைத் திறந்தால் அதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருக்கும். ஐந்தாம் நாள் அக்கா கத்தரியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போய்ப் பிரித்தேன்.

வங்கி மேலாளர் மதிய இடைவேளையில் வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிரித்துவிட்டுப் போனாள். இன்னும் மூன்று பேரில் ஒருத்தி, புருஷனைக் கேட்க வேண்டும் என்று மென்று விழுங்கினாள். அக்கா நேராக அவள் புருஷனிடமே போய், “தைக்கறப்ப உங்களைக் கேட்டாளா?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அவளும் வந்தாள், மற்ற இருவரும் அவளைப் பார்த்து வந்தார்கள். ஐந்து பாகம் திறந்தது.

ஆறாவது பாகம் தலைவர் மனைவியுடையது. குழாயும் அதை ஒட்டிய ஒற்றை வீடும் அதற்குள் இருந்தன. அந்த வீடு நூல்கண்டுடையது.

தலைவரம்மாவும் அக்காவும் சின்ன வயதில் ஒன்றாகத் தைத்தவர்கள். அவள் எங்களை உட்கார வைத்துப் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

“அவங்க வாசல்ல துணியா தொங்குச்சு? சாக்கு தொங்குச்சு. எதைத் தைப்பீங்க?” என்றாள்.

“சாக்கைத் தைப்போம்” என்றாள் அக்கா.

“நான் போட்டதை நான்தானே பிரிக்கணும்? நான் பிரிக்கலை. சட்டம் நீ சொன்னதுதான்.”

 அக்கா சொந்தச் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அவள் கழுவிய விதத்தில் இரண்டு டம்ளர் நசுங்கியது.

நூல்கண்டு அந்தப் பதினாலு வீட்டுக்காரர்களில் பதினோரு வீட்டாரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தாள். நாங்கள் முப்பது வருஷமாகத் தேடாதவர்களை அவள் ஏழு நாளில் கண்டுபிடித்தாள். தேட வேண்டியதே இல்லை, அந்தப் பதினோரு வீட்டாரும் தொடர்பில்தான் இருந்தார்கள் என்று அப்புறம் தெரிந்தது. ஒரு கிழவர்கூட வந்து, ஊசியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, தன் வீட்டைத் தானே தைத்தார். ஆளே கிடைக்காத இரண்டு வீடுகளை அக்கம்பக்கத்தார் சேர்ந்து தைத்தார்கள். பதிமூன்று வீடுகள் எழுந்தன. ஒரு மூலை மட்டும் மடிந்தே கிடந்தது. துணியைக் கம்பியில் தொங்கவிட்டபோது அந்த மூலை மேலே தூக்கிக்கொண்டு, சுருங்கி, பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்படி நின்றது.

விழாவன்று பக்கத்துப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். நூல்கண்டு பெருக்குகிற பள்ளிதான். தலைவர் நீளமாகப் பேசி முடித்ததும், பிடித்த வீட்டின் மேல் விரலை வையுங்கள், அந்த வீட்டுக்காரர் கதை சொல்வார் என்று அக்கா பிள்ளைகளிடம் சொன்னாள். சாவி வீட்டுக் கதை, சீப்பு வீட்டுக் கதை என்று நன்றாகத்தான் போனது. மூன்றாவது குடத்தையும் சொன்னேன்.  அப்போது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி அந்தச் சுருங்கிய மூலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஏன் இப்படி இருக்கிறது, உள்ளே என்ன என்று கேட்டாள்.

“தச்சவங்க முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க, அவங்களைக் கேளு” என்றாள் அக்கா. இதற்காகவே காத்திருந்தாள் போல.

சிறுமி தலைவரம்மாவிடம் போய் நின்றாள். தலைவரம்மா அவள் தலையைத் தடவி, “உள்ள ஒண்ணும் இல்லம்மா” என்றாள்.

“அங்கதான் நான் பொறந்தேன்.”

சுவரோரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நூல்கண்டுதான் சொன்னாள். நாற்பது பிள்ளைகளும் திரும்பினார்கள். “ஆயா, நீங்களா?” என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. உங்கள் வாசலில் என்ன படம் என்று அந்தச் சிறுமி கேட்டாள். ஏணி என்றாள் நூல்கண்டு. அப்பா சுண்ணாம்பு அடிக்கிறவர், சாக்கில் அம்மா ஏணி தைத்திருந்தாள், தெருப் பெண்கள் வெட்டிப் போட்ட நூல் துண்டுகளைப் பொறுக்கித் தைத்ததால் ஒவ்வொரு படியும் ஒரு நிறம் என்று சொன்னாள்.  எங்களில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

தலைவரம்மா எழுந்து பிரிப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு முகமெல்லாம் வெற்றி. “பிரிக்க வேணாம், விடு” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். “இது இப்படியே தொங்கட்டும். வர்றவங்க எல்லாரும் கேக்கட்டும். அவ பதில் சொல்லட்டும்.”

எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. தட்டுவதற்குள் நூல்கண்டு துணியருகே வந்துவிட்டாள். அவள் அக்காவை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என் வீட்டை மூடி வச்சிருக்கீங்க” என்றாள். “அவங்க பிரிக்க மாட்டாங்க, நீங்க பிரிக்கக் கூடாது. சரி. இந்தச் சட்டம் போட்டப்ப எங்களை யாராவது கேட்டீங்களா? எங்களை அந்தத் துணியையே தொட விடலையே.”

  முப்பத்தோரு வருஷம் ஊரையே நிறுத்திக் கேள்வி கேட்ட அக்கா, ஓரடி நகர்ந்து வழிவிட்டாள்.

நூல்கண்டு மேசையிலிருந்து கத்தரியை எடுத்தாள். பிள்ளைகள் பார்க்க, தலைவர் பார்க்க, மடிப்பின் முதல் முடிச்சில் கத்தரி முனையை நுழைத்தாள். துணி கம்பியில் தொங்கியதால் ஆடியது, கத்தரி வழுக்கியது. திரும்பிப் பார்க்காமலே, “இழுத்துப் பிடிங்கக்கா” என்றாள்.

அக்கா தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.